நாலு வாசல் கிட்டங்கி

"ஏம்மா ரீனா, அந்தக் கடைசி ரூமுக்கு எத்தன கதவு?"

சங்கரபாண்டியன் அண்ணாச்சி எங்கள் அச்சகத்தின் முதலாளி. டிசைன் ரூமுக்குள் அவர் வருவது வருஷத்துக்கு நாலைந்து தடவைதான், அதுவும் சரஸ்வதி பூஜைக்குப் பொரி கொடுக்க. அன்றைக்கு ஒரு கையில் போனைப் பிடித்து மறுகையால் அதன் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"நாலு" என்றேன். யோசிக்கவே இல்லை.

"அவுக அனுப்புன ப்ளான்ல எத்தன இருக்கு?"

கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன். ஒன்று. தெற்குச் சுவரில் ஒரே ஒரு கதவு, உள்பக்கமாகத் திறக்கிறது. மற்ற மூன்று சுவர்களிலும் நடுவில் ஒரு செவ்வகம், உள்ளே கோடு போட்டு நிரப்பி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'அலமாரி' என்று எழுதியிருந்தது. அச்சில் போயிருக்கிற என் படத்தைத் திறந்தேன். அந்த மூன்று அலமாரியும் கதவாகியிருந்தன. நாலு கதவும் வெளிப்பக்கம் திறந்தன. ஒவ்வொன்றும் திறந்து சுழல்கிற கால்வட்டத்தை அழகாகப் போட்டு வைத்திருந்தேன்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனில், "பார்த்திட்டு இருக்கோம் மேடம், ஒரு அஞ்சு நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அது தூத்துக்குடியில் ஒரு பழைய கப்பல்துறைக்கான புத்தகம். புத்தகம் என்றால் விலைக்கு விற்கிற புத்தகம் இல்லை. முப்பத்தாறு பக்கம், தடித்த ஆர்ட் பேப்பர், அட்டையில் வெல்வெட் மாதிரி லேமினேஷன், வீடு வாங்க வருகிறவர்கள் கையில் கொடுப்பது. நூறு வருஷத்துக்கு மேல் பஞ்சுப் பொதியும் மிளகாய் மூட்டையும் ஏறி இறங்கிய துறையை ஒரு கம்பெனி வாங்கி, எங்கள் பக்கத்தில் கிட்டங்கி என்று சொல்கிற நீளமான பண்டகசாலைகளை வீடுகளாக்கி, எடை போடும் கொட்டகையை காபி கடையாக்கி, படகு கட்டும் மேடையில் நீச்சல் குளம் வெட்டியிருக்கிறது. இங்கிலீஷில் வந்த வாசகங்களைத் தமிழில் எழுதியது நான். 'வணிகர்கள் கனவு கண்ட இடத்தில் நீங்கள் கண்விழியுங்கள்' என்று ஒரு வரி. வணிகர்கள் எங்கே கனவு கண்டார்கள், மூட்டை சுமந்தவன் அல்லவா அங்கே படுத்துக் கிடந்தான் என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் எழுதினேன். எழுதத்தான் சம்பளம்.

பட்டாசு லேபிளும் தினசரி காலண்டரும் அடித்துக்கொண்டிருந்த அச்சகத்துக்கு வெளியூரிலிருந்து வந்த முதல் பெரிய ஆர்டர் அது. நான் அங்கே சேர்ந்து ஆறு மாசம். மாசக் கடைசியில் நிரந்தரம் செய்கிறேன், டிசைன் ரூம் பொறுப்பை உன்னிடம் கொடுக்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அவருடைய சகலை மகன் விக்னேஷ்வரன் அதே நாற்காலிக்காக வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது மெஷின் துடைக்கிற ஆள் வரைக்கும் தெரியும். பிரதிகள் அத்தனையும் அடித்து, மடித்து, தைத்தாகிவிட்டது. மாதிரிக்கு ஐம்பது முன்னால் போனதில்தான் பிரீத்திகா மேடம் என் கதவுகளைக் கண்டுபிடித்தாள். அவள் அந்தக் கம்பெனியின் விற்பனை மேலாளர்.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

"அது சின்னப் பிள்ளைக படிக்கிற ரூமாம். நாலு பக்கமும் வாசல் இருந்தா எவன் பிள்ளைய விடுவான், மூணு பக்கம் கடல்லா இருக்குன்னு அந்தம்மா கேக்குது. ஒட்டுத்தாள் அடிச்சு அந்தப் படத்து மேல ஒட்டிக் குடுத்தா சரிங்காக. ஒட்டுத்தாள் மாதிரிய எடுத்துட்டு நீயே நேர்ல போ. கையெழுத்து வாங்கிட்டு வா."

"மெயில்ல அனுப்பிச்சா..."

"மெயில்ல அனுப்புனதுலதானம்மா நாலு கதவு வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அங்கன உள்ள இன்ஜினியரு ஒருத்தரு, இத வரஞ்சது யாரு, அவுகளப் பாக்கணும்னு கேட்டிருக்காரு. எதுக்குன்னு தெரியல. போயி பதமாப் பேசு. கையெழுத்தோட வந்தாத்தான் மத்ததப் பேச முடியும், பாத்துக்க."

மத்தது என்றால் என் வேலை.

எப்படி அப்படி வரைந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. தப்பு செய்கிறவள் இல்லை நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவளுக்குத் தப்பு செய்யும் வசதி கிடையாது. செய்தால் "அதான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் ஒரு தெருவே இருக்கிறது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் பிடிபட்டது. அச்சகத்துக்கு வருமுன் இரண்டு வருஷம் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீஸில் பட்டாசுத் தொழிற்சாலைகளின் லைசென்ஸுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பத்து அறை. ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் இடையே விட வேண்டிய தூரம். எதிரெதிரே வாசல்கள், எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஒன்று உள்பக்கம் திறந்தாலும் வரைபடம் திரும்பி வந்துவிடும். அப்படி எத்தனை நூறு அறை வரைந்திருப்பேன்! அந்தக் கப்பல்துறைப் படத்தில் கடைசி அறை பத்துக்குப் பத்து. மற்ற எல்லாக் கட்டடமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, அது மட்டும் துறையின் கோடியில் தனியாக. சுவர் இரண்டடி கனம். ஒரு சுவரில் கதவு, மற்ற மூன்றிலும் நடுவில் ஒரு செவ்வகம். நான் படிக்கவில்லை, கை வரைந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா ஞானஜோதி இருபத்தாறு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அவள் வேலை பார்த்த, பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறை வெடித்தது. நாலு பேரில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். அம்மாவுக்கு இடது காது போய்விட்டது, மற்றபடி சேதமில்லை. அதைப்பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "ஓடியாந்துட்டேன்." எட்டு மாசம் வீட்டில் இருந்துவிட்டு எம். புதுப்பட்டியில் வேறு கம்பெனிக்குப் போனாள். நான் சண்டை போட்டேன். "அப்ப உன் பீஸ யாரு கட்டுவா, உன் காலேஜு வாத்தியாரா?" என்றாள்.

"நானும் வாரேன்" என்றாள் இப்போது. தீபாவளி முடிந்து கம்பெனி இன்னும் திறக்கவில்லை.

"நீ எதுக்கு? ஆபீஸ் விஷயம்."

"உன்ன நம்ப முடியாது புள்ள. அந்த மேடம் ஒண்ணு சொன்னா நீ ஒம்பது சொல்லுவ. பக்கத்துல நான் இருந்தா வாய மூடிக்கிட்டு வருவ." சேலையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னாள், காது போனதிலிருந்து அவளுக்கு ரகசியம் என்பதே கிடையாது. "அதோட, அந்த ரூமு அப்படி ஏன் இருக்குன்னு பாக்கணும்லா."

மறுநாள் காலையில் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போனோம். என் பையில் ஒட்டுத்தாள் மாதிரி இருந்தது: உள்ளங்கை அளவு காகிதம், அதில் நாலு சுவர், ஒரு கதவு. அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். "பசையா, ஸ்டிக்கரா?" என்று கேட்டாள். ஸ்டிக்கர் என்றேன். "பசைன்னா உரிஞ்சிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துறையின் வாசலில் பெரிய இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் கருங்கல் தளம். கல்லுக்கு நடுவே தள்ளுவண்டித் தண்டவாளத்தை அப்படியே விட்டு மேலே கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடிக்குள் விளக்கு. சுமை தூக்கும் பழைய கிரேன் ஒன்றுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து நடுவில் நிறுத்தியிருந்தது. அதன் கொக்கியில் ஒரு கூடை ஊஞ்சல். கயிறு கட்டும் இரும்பு வளையங்கள் கல்லில் அப்படியே இருந்தன. ஒன்றைச் சுற்றி ரப்பர் மாட்டி, பக்கத்தில் 'செல்லப்பிராணிகளைக் கட்டும் இடம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தமிழும் என்னுடையதுதான். அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கப்பலக் கட்டுனதுல நாயக் கட்டுறாக" என்றாள். குறையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அவளுக்கு எல்லாமே பிடித்திருந்தது. குளத்துத் தண்ணீரும் கடலும் ஒட்டினாற்போல் தெரிகிற இடத்தில் நின்று, எது எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்தாள். எனக்குத்தான் ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க எரிந்தது. இந்த இடம் நன்றாக இருந்ததுதான் அதிலும் எரிச்சல்.

பிரீத்திகா என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நான் கோபத்தோடு எதிர்பார்த்த ஆள் இல்லை அவள். களைத்துப் போயிருந்தாள். "ரீனாவா? வாங்க. உங்க தமிழ் நல்லா இருந்துச்சு, அதைச் சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள இந்தக் கதவு" என்றாள். அம்மாவைப் பார்த்து, "இவங்க?" என்றாள்.

"இவ அம்மா. சும்மா பாக்க வந்தேன்" என்று துறை முழுக்கக் கேட்கும்படி அம்மா சொன்னாள்.

இன்ஜினியர் என்று அண்ணாச்சி சொன்னவர் ஆர்க்கிடெக்ட். நவநீதகிருஷ்ணன் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், சட்டைப்பை நிறையப் பென்சில். என்னிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்: "அங்க கதவு இருந்ததுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. தப்பா வரஞ்சிட்டேன்."

"இல்ல, நீங்க வாங்க."

துறையின் கோடிக்கு நடந்தோம். நாற்பது ஐம்பது அடி தூரம் வெறும் கல்தளம், பிறகு அந்த அறை தனியாக. கடைசி நுனியில் இருந்ததால் மூன்று பக்கமும் கல்விளிம்பு, அதற்கப்பால் தண்ணீர். புத்தகத்தில் அதற்கு நான் எழுதியது 'கடற்காற்றுக்கென்றே ஒதுக்கிக் கட்டிய மண்டபம்'. வெளிச்சுவரைக் காட்டினார். சுண்ணாம்புப் பூச்சில் ஆளுயரத்துக்குச் செவ்வகமாக ஈரம் கோத்திருந்தது. கிழக்கில் ஒன்று, வடக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. "மூணு தடவ பூசிட்டேன். மூணு தடவையும் இதே மாதிரி வருது. உள்ள ஆழமா மாடம் இருக்கு, பழைய கட்டடத்துல அலமாரி வைக்க அப்படி விடுவாங்க. அதுல நாங்களும் அலமாரி வெச்சுட்டோம். அலமாரின்னா வெளிய ஏன் தெரியணும்?"

அம்மா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். செருப்பைக் கழற்றினாள். பட்டாசு அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, அந்தப் பழக்கத்தில் எந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள் போனாலும் அவள் கால் அப்படிச் செய்யும். உள்ளே ஓரடி வைத்தவள் நின்றாள்.

"இன்னொரு வாசல் எங்கன?"

பிரீத்திகா சிரித்தாள். "இது ஒண்ணுதாம்மா."

அம்மா மேற்கொண்டு போகவில்லை. வாசல்படியில் நின்றபடியே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். மெல்லிய மரச்சட்டம், மேலே ஓடு. பிறகு சுவரின் கனத்தைக் கையால் சாண் போட்டாள். பிறகு குனிந்து தரைப்பலகையைப் பார்த்தாள், விரலால் ஓர் ஆணியின் தலையைத் தேய்த்தாள். தேய்த்த இடம் சிவந்து மின்னியது.

"செம்பு" என்றாள்.

"ஆமா, எல்லாமே செம்பு ஆணி!" நவநீதகிருஷ்ணனின் குரல் உயர்ந்தது. "இந்தக் கட்டடத்துல மட்டும் ஒரு இரும்பு ஆணி கிடையாது. அந்தக் காலத்து வணிகருங்க இருந்த மாளிகைலகூட இரும்புதான். இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆடம்பரம்னு..."

"ஆடம்பரம்லாம் இல்ல சார்" என்றேன். "எங்கம்மா கம்பெனில இரும்புச் சாமான் எதையும் உள்ள விடமாட்டாங்க. கரண்டி, சுத்தியல், எல்லாம் பித்தள இல்லன்னா மரம். இரும்பு ஒரசுனா பொறி பறக்கும்."

"சுவரு கனம், கூரை லேசு" என்று அம்மா ஆரம்பித்தாள். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தாள். "வெடிச்சா பக்கத்துல போகாது, மேல போயிரும். மத்தக் கிட்டங்கில இருந்து தள்ளிக் கெட்டியிருக்காக. இது நம்ம ரூமுல்லா. எங்கனயோ கடல்ல கொண்டாந்து கெட்டியிருக்கான்."

நவநீதகிருஷ்ணன் பென்சிலை எடுத்து எதையோ எழுதப் போய் எழுதாமல் நின்றார். என்ன சரக்கு வைத்தார்கள் என்று கேட்டார். வாணமா, தீப்பெட்டியா, கல்லுடைக்கிற மருந்தா, எங்களுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் இருந்த பழைய காகிதங்களில் அந்த அறைக்கு ஓர் எண் மட்டும்தான் போட்டிருந்ததாம், பெயர் இல்லை.

பிரீத்திகாதான் முதலில் தரைக்கு வந்தாள். "சார், இதை நம்ம நாலு பேரோட வெச்சுக்கலாம். வெடிமருந்து வெச்ச ரூம்னு தெரிஞ்சா யார் பிள்ளையை உள்ள அனுப்புவாங்க? ரீனா, அந்த ஸ்லிப் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

பையில் கையை விட்டேன். காகிதம் கையில் பட்டது. எடுத்து நீட்ட வேண்டியதுதான். கையெழுத்து, பஸ், அண்ணாச்சி, நாற்காலி. எல்லாம் ஒரு நேர்கோட்டில் இருந்தது.

"வெச்ச ரூம்தானே மேடம், வெடிச்ச ரூம் இல்லையே" என்றேன். "வெடிச்சிருந்தா இது நிக்காது. இந்தத் துறை முழுக்க மொதலாளிக்குத் தேக்குப் படிக்கட்டு, மொதலாளிக்குப் பால்கனி. உள்ள நிக்கிறவன் ஓடணுமேன்னு யோசிச்சு ஒருத்தன் கட்டுனது இந்த ஒரு ரூம்தான். அதுல மூணு வாசலை அடச்சு அலமாரிய வெச்சுட்டு, சின்னப் பிள்ளைகளக் கொண்டாந்து உள்ள உக்கார வைக்கிறீங்க. மிச்சமிருக்க ஒரு கதவும் உள்பக்கம் தொறக்குது."

"ஃபயர் சர்ட்டிபிகேட் வாங்கியாச்சு ரீனா." அவள் குரலும் மாறியது. "இது லைப்ரரி. பட்டாசு ஃபேக்டரி இல்ல."

"எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட் இருக்கும் மேடம். எங்க ஊர்ல நான்தான் வரஞ்சு குடுத்தேன்."

அம்மா என் முழங்கைக்கு மேலே கிள்ளினாள். நல்ல கிள்ளு. பிறகு பிரீத்திகாவைப் பார்த்து, "அவ அப்படித்தான் தாயி பேசுவா, மனசுல ஒண்ணும் கெடையாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவளைப் பொறுத்தவரை ரகசியமான குரலில், "ஓடுறதுக்குத்தான் நாலு வாசல்னு நீ எதை வச்சுச் சொல்லுத? சரக்க சீக்கிரம் ஏத்தி எறக்க விட்டிருப்பான். நமக்காகவா ஒருத்தன் செலவு பண்ணிக் கெட்டுவான்?" என்றாள்.

நான் இத்தனை நேரம் அவ்வளவு உறுதியாகப் பேசியது எதை வைத்து? நவநீதகிருஷ்ணன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கண் மின்னியது. "அளந்து பாத்துடலாமே" என்றார்.

கிழக்குச் சுவரின் அலமாரியை வெளியே இழுத்தோம். கனமே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் புத்தகங்கள் இல்லை, புத்தகம் மாதிரி அட்டைப் பெட்டிகள். வீடு பார்க்க வருகிறவர்களுக்காக அடுக்கியது. ஒன்று கீழே விழுந்து வெற்று வயிற்றைக் காட்டியது. அலமாரி போனதும் சுவருக்குள் ஆழமான குழி, அதன் கோடியில் பிற்பாடு வைத்துக் கட்டிய செங்கல். குழியின் இரண்டு பக்கமும் செதுக்கிய கருங்கல் நிலை. டேப்பைப் பிடித்தார். அகலம் ஒன்றேமுக்கால் அடி.

"பஞ்சுப் பொதி இதுல போகாது" என்றார். "மூட்டை போகாது. பெட்டியைத் தூக்கிட்டு ரெண்டு பேர் போக முடியாது."

அம்மா குழிக்குள் போய் நின்றாள். தோள் இரண்டு பக்கமும் கல்லைத் தொடாமல் தொட்டது. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், எங்களுக்கு முதுகைக் காட்டி, செங்கல்லைப் பார்த்தபடி. நான் கூப்பிட்டேன். இடது பக்கமாக நின்று கூப்பிட்டதால் கேட்கவில்லை என்று நினைத்து வலது பக்கம் போனேன். கேட்டிருந்தது.

"எங்க ரூம்லயும் ரெண்டு வாசல்" என்றாள். அவள் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை. "சீசன் நேரம். லோடு போகலன்னு ஒரு வாசல்ல பெட்டிய அடுக்கி வச்சிருந்தாக. மரியபுஷ்பம் அந்தப் பக்கம் உக்காந்திருந்தா, கூட அந்த மல்லாங்கிணத்துப் பிள்ள. நானும் செல்வியும் இந்தப் பக்கம். அன்னைக்குக் காலம்பற நான்தான் மரியபுஷ்பத்த அங்கிட்டு மாறி உக்காரச் சொன்னேன். எனக்கு அங்கன காத்து வரலன்னு."

ஏழு வருஷம். ஒரே வீட்டில், ஒரே பாயில். அம்மா ஏன் வீட்டின் முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து போட்டுத் தூங்குகிறாள் என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

பிரீத்திகா கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். மூடினாள். "நான் எம்.டி. கிட்டப் பேசாம எதுவும் சொல்ல முடியாது" என்றாள் யாரையும் பார்க்காமல். "கதவைத் தொறக்கிறதுன்னா மொத்த ப்ளானும் மாறும். எனக்கும் மேல ஆள் இருக்கு." பிறகு, "ஸ்லிப்பில இப்பவே போடவா, இல்ல, காத்திருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். ஒரு தடவை அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அறைக்கு ஒரு கதவுதான் என்று நான் எழுதிக்கொடுத்த மாதிரி. விழாவிட்டால் நான் ஊருக்குப் போகலாம், அச்சகத்துக்குப் போக முடியாது.

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "ஒரு அரைமணி நேரம்."

அரைமணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாது. அவள் போனை எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்துப் பக்கம் நடந்தாள்.

அம்மா இப்போது கல் நிலையைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள், இரண்டு பக்கமும், மேலிருந்து கீழ் வரை. "கீலு மாட்டுன தடம் உள்பக்கம் இல்ல" என்றாள். பழைய குரல் வந்துவிட்டது. "சார், உள்பக்கம் தொறக்கிற கதவுன்னா கீலு இங்கன இருக்கணும்லா? இல்ல. அப்ப வெளிப்பக்கம் இருக்கும். வெளிய இருந்தா ஓடுறதுக்குத்தான். எந்தச் சரக்குக் கிட்டங்கிக்கும் கீல வெளிய வைக்க மாட்டான், களவாணி களட்டிருவாம்லா."

"வெளிய பூச்சு போட்டு மூடியிருக்கு" என்றார் நவநீதகிருஷ்ணன். "உடைக்காமப் பார்க்க முடியாது."

"ஒரு செங்கல்ல எடுத்தாப் போதும். கைய விட்டுத் தடவிச் சொல்லிருவேன். நான் இருட்டுலயே திரி எண்ணுனவ."

அவர் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். குளத்துப் பக்கம் பிரீத்திகா போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "அன்பரசன்!" என்று கூப்பிட்டார். கொத்தனார் காலைச் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு உளியோடு வந்தார். "எங்கே சார்?" என்றார். அம்மா தன் தோளுயரத்தில் ஒரு செங்கல்லைத் தொட்டுக் காட்டினாள். "இரும்பு உளியா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, வேற என்ன?" என்று அவர் சொன்னதும் இரண்டு எட்டு பின்னால் வந்துவிட்டாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

அப்போது என் போன் அடித்தது. சங்கரபாண்டியன் அண்ணாச்சி. உளிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்தேன். அறையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனேன். அங்கே கல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே நாலடி இடம்தான். கீழே தண்ணீர் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. வெயில் சுவரில் நேராக விழுந்தது. ஈரம் கோத்த செவ்வகம் நன்றாகத் தெரிந்தது.

"என்னம்மா, அந்தம்மா போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குது. பிஸின்னு வருது. கையெழுத்து ஆச்சா?"

"பேசிட்டு இருக்கோம் அண்ணாச்சி."

"பேசுறதுக்கு என்ன இருக்கு? ஒரு கதவு, ஒரு கையெழுத்து. ஏம்மா, நீ ஏதும் வாயக் குடுத்துட்டியா?"

உள்ளே இரண்டு அடி விழுந்தது. சுண்ணாம்புப் பூச்சில் ஒரு விரிசல் ஓடியது. மூன்றாவது அடியில் ஒரு துண்டு உதிர்ந்து, கல்லில் பட்டுத் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. ஒரு செங்கல் அளவுக்கு இருட்டாக ஓட்டை. அதற்குள்ளிருந்து தூசி புகை மாதிரி வெளியே வந்து, காற்றில் என் முகத்தில் அடித்தது.

"ரீனா, உன்னத்தானே கேக்கேன். கையெழுத்து ஆச்சா, இல்லையா?"

ஓட்டையிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. அம்மாவின் கை, வளையல் இல்லாதது. சுண்ணாம்பு அப்பியிருந்தது. வெயில் பட்டதும் அது ஒரு கணம் அப்படியே நின்றது, காற்றுக்கு விரல்களை விரித்து. பிறகு முழங்கையில் மடங்கி, சுவரின் வெளிப்பக்கத்தைத் தடவ ஆரம்பித்தது. இடது பக்கம் போனது. ஒன்றும் இல்லை. மேலே போனது, நகத்தால் பூச்சைச் சுரண்டியது, திரும்பி வந்தது. நான் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். கை வலது பக்கம் நகர்ந்தது, ஈரம் கோத்த கோட்டின் ஓரமாக, ஒவ்வோர் அங்குலமாக, கீழே, இன்னும் கீழே. கீல் இருக்க வேண்டிய ஓரிடத்தில் விரல்கள் நின்றன. அந்த இடத்தைச் சுற்றி, மெதுவாக, சுரண்டத் தொடங்கின.